துக்க வீட்டில் எட்டு விருந்தாளிகள்

பத்ரூன்,
செப்டம்பர் 6, 2018

விதாதுக்கு,

ஊர் வாயால் நீ கேட்பதற்கு முன் என் கையால் எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை, ஊர் சுற்றிப் பார்க்க வந்த நம் விருந்தாளிகள் எட்டுப் பேரையும் நான் ஒரு சாவு வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டேன்.

சிரிக்காதே. சிரித்துவிட்டாய் என்றால் முகத்தை மறுபடி உர்ரென்று வைத்துக்கொண்டு மேலே படி.

கடற்கரைப் பக்கம் எப்போதும்போல் நன்றாகத்தான் போயிற்று. மீன், எலுமிச்சை, மலையடிவாரத்து ஒயின். ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு இதில் என்ன மணம் தெரிகிறது என்று கேட்டார்கள். செர்ரி, புகையிலை, மழையில் நனைந்த தோல் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எட்டுப் பேரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். மழையில் நனைந்த தோல் எப்படி மணக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் தோலை நானே முகர்ந்து பார்த்தேன், மீன்தான் மணத்தது.

செவ்வாய்க் காலையில் நக்லேயின் வேனில் ஏற்றி மலை தாண்டி ஸஹ்லேக்கு உன்னிடம் அனுப்புமுன், வழியில் ஐன் லூஸ் கிராமத்தில் எப்போதும் நம் ஆட்களுக்குச் சமைத்துப்போடும் லோரிஸ் வீட்டு மதியச் சாப்பாட்டுக்காக வழக்கமான பாடத்தை நடத்தினேன். தேவாலயத்தைத் தாண்டி, வெளியே நாற்காலி போட்டிருக்கிற வீடு. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கைகொடுங்கள். உட்காருங்கள். காபி கொடுத்தால் மறுக்காதீர்கள். குடித்த கோப்பையைத் திருப்பித் தரும்போது 'தாய்மே' என்று சொல்லுங்கள். இந்த வீட்டில் இது என்றைக்கும் நிலைக்கட்டும் என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எட்டுப் பேரும் சொல்லிப் பழகினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வேன் அந்தச் சந்துக்குள் போகாது. நக்லே அவர்களைச் சதுக்கத்தில் இறக்கி, கையைக் காட்டிவிட்டு, டயரைப் பார்க்கப் போய்விட்டான். வெளியே நாற்காலி போட்ட வீடு அன்றைக்கு இரண்டு இருந்தது. முதல் வீட்டில் முந்தின நாள்தான் அபு ரஷீதை அடக்கம் செய்திருந்தார்கள்.

போனார்கள். கறுப்பு உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒருவர் விடாமல் கைகொடுத்தார்கள். உட்கார்ந்தார்கள். சர்க்கரை போடாத துக்கக் காபி வந்தது. முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோய், விதவை உம் ரஷீதின் கண்ணைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் 'தாய்மே' என்றார்கள். 'கடவுள் அவருக்கு இரங்கட்டும்' என்று நாம் சொல்லுகிற இடத்தில், 'இது என்றைக்கும் இப்படியே நிலைக்கட்டும்'. புதைத்த மறுநாள்.

ஐந்தாவது ஆள்வரை உம் ரஷீத் தாங்கினாளாம். ஆறாவது தாய்மேயில் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். அழுகிறாள் என்று தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அதற்குள் வந்து வாசலில் திகைத்து நின்ற நக்லே, அவள் தன் நாத்தனாரிடம் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறான்:

"அம்பது வருசம் உங்கண்ணன்கூடக் குடும்பம் நடத்தினேன்டி. நேத்துதான் வீடு அமைதியாச்சு. அது நிலைக்கட்டும்னு வாழ்த்த பிரான்சுல இருந்து ஆள் வந்திருக்கு பாரு."

பிறகு விடுவாளா? இறந்தவன் பெயரில் போட்ட சோற்றை மறுக்கக் கூடாது என்று உட்காரவைத்து, இரண்டு இரண்டு தட்டு. பக்கத்து வீட்டில் லோரிஸ் அடைத்த ஆட்டுக் கழுத்தை வைத்துக்கொண்டு மாலைவரை தெருவைப் பார்த்திருக்கிறாள். உன் மேசையில் அவர்கள் எதையும் தொடவில்லை என்று நக்லே சொன்னான். அது உன் கையின் குற்றமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்று. ஈஸ்டருக்கு மறுநாள் நீ 'அப்பாவின் முழங்காலைப் பார்த்துக்கொள்ள' ஸஹ்லேக்குப் போனதிலிருந்து பத்ரூனில் என்னைவிட அந்த முழங்காலுக்குத்தான் பேர். சந்திக்கிறவர்களெல்லாம் விசாரிக்கிறார்கள். ஐந்து மாதமாக ஒரே முழங்காலைப் பற்றிப் புதிது புதிதாக என்ன சொல்வது? போன வாரம் அறுவை சிகிச்சைவரை போய்விட்டேன். ஒரு வார்த்தை எழுது: காலை எடுத்துவிடவா, வைத்திருக்கவா?

இப்படிக்கு,
ஊரார் கணக்கில் இன்னும் உன் கணவன்,
நஸ்ரி

—

ஸஹ்லே,
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய நஸ்ரி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் நக்லேயின் சட்டைப்பையில் கசங்கி வந்து சேர்ந்தது. நல்லது. வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தால் நான் படித்துவிட்டேன் என்று நீலக் கோடு காட்டிக்கொடுத்திருக்கும். கோபித்துக்கொண்டு வந்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

தாங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அன்று மாலை கண் சிவந்து வந்து இறங்கினார்கள். லியோனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றாள். நம்முடைய ஈஸ்டர் சமாசாரம் பிரான்ஸ்வரை போய்விட்டதாக்கும் என்று நான் கூசிப்போனேன்.

கறியும் கோதுமையும் சேர்த்து இடித்த கிப்பே மூன்று விதம், அடைத்த கத்தரி, மாதுளைச் சாறு விட்ட கோழி ஈரல், பார்ஸ்லித் தழைத் தபூலே, இன்னும் மேசை கொள்ளாத மட்டும் வைத்திருந்தேன். அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு மனிதர் ஒரு ஆலிவ் பழத்தை எடுத்து, யோசித்து, திரும்ப வைத்தார். மூன்று நாள் தெருவே என் வீட்டில்தான் சாப்பிட்டது.

அடுத்த நாள் அப்பாவின் ஒயின். தாங்கள் கற்றுக்கொடுத்த நாகரிகப்படி ஒரு வாய் சுழற்றி வாளியில் துப்பினார்கள். அப்பா பார்த்துவிட்டார். "என் வீட்டுல உக்காந்து என் ஒயினைத் துப்புறானா? என்ன வெஷமா வச்சேன்?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியில்லாமல் எட்டுப் பேரும் எல்லாவற்றையும் விழுங்கினார்கள். பால்பெக் பழங்கோயிலின் தூண்களை அவர்கள் வேனுக்குள் தூங்கியபடியே தரிசித்தார்கள்.

அந்த முழங்கால் அத்தி மரத்தில் ஏணி வைத்து ஏறுகிற நிலையில் இருக்கிறது. வெட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்று. என் கையின் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்டர் அன்று, விடிந்ததிலிருந்து பார்ஸ்லியை மயிரிழையாக நறுக்கி விரலெல்லாம் பச்சையாக நான் நின்றுகொண்டிருந்தபோது, யார் கைத் தபூலே உசத்தி என்று ஒரு விருந்தாளி கேட்டாளே. ஒரு நொடிகூட யோசிக்காமல் 'என் தங்கை ஜமீலா' என்று சொன்ன வாயும் தங்களுடையதுதானே? அந்த வாயிலிருந்து என் கைக்கு நற்சான்றிதழ் வேண்டாம்.

இப்படிக்கு,
முழங்காலைப் பார்த்துக்கொள்ளும்
விதாத்

—

பத்ரூன்,
செப்டம்பர் 22

விதாதுக்கு,

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். தட்டை எறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

லியோனிலிருந்து ஆட்களை அனுப்புகிற மதாம் பெர்த் எழுதியிருக்கிறாள். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேதான் பிரித்தேன். எட்டுப் பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்களாம்: பயணத்திலேயே மனதைத் தொட்டது ஐன் லூஸ் வீட்டுச் சாப்பாடுதான், அவ்வளவு அமைதி, அவ்வளவு உண்மை. இனி வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் அதே சாப்பாடு வேண்டுமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பிணத்துக்கு நான் எங்கே போவேன், விதாத்?

மன்னிப்புக் கேட்கக் காபித்தூள் வாங்கிக்கொண்டு உம் ரஷீத் வீட்டுக்குப் போனேன். விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது நாள்வரைக்கும் எப்படியும் கதவு தொறந்துதான் கெடக்கும். வரச் சொல்லுப்பா. அந்த வார்த்தைய மட்டும் மறக்காமச் சொல்லச் சொல்லு" என்றாள்.

அப்படியே இரண்டாவது குழுவும் போய்வந்தது. இந்தத் தடவை நானும் கூடப் போய், சாப்பாடு முடிந்ததும் அவர்களை நக்லேயோடு உன் பக்கம் அனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன். அபு ரஷீதின் படத்தைக் கறுப்பு நாடா கட்டி, அரக் புட்டிகளுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் அதைப் பார்த்து உருகுகிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அவரை இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்ததில்லை. லோரிஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசாத பெண்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சரிசமமாக ஆகிவிட்டார்கள்.

உள்ளதைச் சொன்னால், உம் ரஷீத் செய்கிற திராட்சை இலைச் சுருளுக்கு ஈடே இல்லை. சுண்டுவிரல் கனம், எலுமிச்சை தூக்கலாக. போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே ஒரு சட்டியைக் காலி செய்துவிட்டேன்.

மதாம் பெர்த் இன்னொன்றும் கேட்கிறாள். அடுத்த வருடம் பத்ரூனும் ஸஹ்லேயும் ஒரே வீட்டார் நடத்தும் ஒரே பயணமா, அல்லது தனித்தனியா? அக்டோபர் முடிவதற்குள் சொல்ல வேண்டுமாம். நான் என்ன எழுதட்டும்?

நஸ்ரி

—

ஸஹ்லே,
செப்டம்பர் 26

நஸ்ரி அவர்களுக்கு,

ஒரு தங்கை போதாதென்று இப்போது ஒரு விதவையுமா? ஈடே இல்லாத திராட்சை இலைச் சுருளைப் பற்றிக் கட்டின பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிற ஆண்பிள்ளை இந்த நாட்டில் தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்தப் பக்கத்தை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அவன் கெட்டவன் இல்லம்மா. மடையன்" என்றார். தங்களுக்குச் சாதகமாக இந்த வீட்டில் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இந்தப் பக்கத்துக்கு மட்டும் தனிப் பயணம் நடத்தலாம், வண்டி நான் ஓட்டுகிறேன் என்று என் சித்தப்பா மகன் தினம் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். சம்மதிக்க இன்னும் வாய் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

கடைசிக் குழு அக்டோபர் பதினாலாம் தேதி வருகிறது. மலையில் கையசைத்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் போகாமல், தாங்களும் அவர்களோடு இங்கே வரவேண்டும். என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். ஈஸ்டரில் எப்படி விருந்தாளிகள் முன்னால் வாய் திறந்ததோ அப்படியே அவர்கள் முன்னால் திறக்கவேண்டும். என்ன சொல்லவேண்டும் என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன்.

வராவிட்டால் மறுநாளே மதாம் பெர்த்துக்கு எழுதிவிடுவேன்: ஸஹ்லே தனி, பத்ரூன் தனி. என் குளிர்கால உடுப்பு மேல் அலமாரியில் இருக்கிறது. அதை நக்லேயிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

விதாத்

—

பத்ரூன்,
அக்டோபர் 9

விதாத்,

வருகிறேன்.

உன் குளிர்கால உடுப்பை நக்லேயிடம் கொடுக்கவில்லை. வேனில் இடமில்லை.

பொய். வேனில் இடம் இருக்கிறது. அந்த நீலக் கம்பளிச் சட்டையை இரண்டு தடவை எடுத்து மடித்தேன். இரண்டு தடவையும் திரும்ப வைத்துவிட்டேன். எனக்கு மடிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொள்.

சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று நக்லே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யாருக்குப் பெண் கேட்கப் போகிறீர்கள் என்றான். ஜமீலாவிடம் போய் இப்படி இப்படி விஷயம், உன்னை விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அண்ணிக்கு முன்னாடி நானெல்லாம் தூசுன்னு சொல்லிட்டு வாண்ணே. எனக்கென்ன கொறைஞ்சுபோச்சு? நீ அன்னிக்கு வாயத் தொறந்ததுலேருந்து ஊர் விசேஷம் அத்தனைக்கும் என்னையில்ல இலை கிள்ளக் கூப்பிடறாங்க" என்றாள்.

ஞாயிறு மாலை பார்க்கலாம். வெறும் வயிற்றோடு வருவேன். இது சத்தியம்.

நஸ்ரி

—

ஸஹ்லே, உங்கள் வீட்டு மாடி அறை,
அக்டோபர் 16

விதாத்,

நீ கீழே இருக்கிறாய், நான் மேலே இருக்கிறேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்கூடக் கேட்கிறது. என்றாலும் நீ மாடியேறி வராததால் எழுத்தில்தான் விளக்கவேண்டியிருக்கிறது.

வெறும் வயிற்றோடுதான் கிளம்பினேன். காலையிலிருந்து ஒரு காபிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அபு ரஷீதுக்கு நாற்பதாம் நாள் பூசை என்பது எனக்கு மறந்தே போயிற்று. விருந்தாளிகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று பார்த்தேன். உம் ரஷீத் சதுக்கத்துக்கே வந்து கையைப் பிடித்துவிட்டாள். "அவர் பேர்ல கடைசியாப் போடற சோறு. நீ சாப்பிடாமப் போனா அவரு ஆத்துமா என்னைத்தான் வந்து கேக்கும். அம்பது வருசம் கேட்டது பத்தாதா எனக்கு?" என்றாள். நீயே சொல், எந்த முகத்தோடு மறுப்பேன்? ஒரு தட்டு என்றேன். தட்டில் இடம் தெரிந்தபோதெல்லாம் அவள் நிரப்பினாள். அதைவிடக் கஷ்டம், கடைசி நாள் என்று விருந்தாளிகள் எட்டுப் பேரும் அழுதது. அழுகிறவர்களுக்கு நடுவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் நான் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடமாட்டேனா?

அந்த வயிற்றோடு உன் வாசலில் இறங்கினேன். மேசையைப் பார்த்தேன். என் பாட்டன் செய்த பாவமெல்லாம் கண்முன் வந்தது.

நீ அந்தக் கோடியில் நின்றுகொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதை நான் பார்த்தேன். ஒன்று விடாமல் சாப்பிட்டேன். கிப்பே மூன்றும். ஈரல். கத்தரி. தபூலேயை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அப்புறம் எழுந்து நின்று சொன்னேன். நீ கேட்டாய். ஆனால் அடுத்த நொடியே நான் சாய்ந்துவிட்டதால் சரியாகக் காதில் விழுந்ததோ என்னவோ, இங்கே திரும்ப எழுதுகிறேன்: "இந்த நாட்டுல இந்தக் கைய மிஞ்ச ஒரு கை கெடையாது. என் தங்கச்சி மன்னிக்கணும். செத்துப்போன எங்கம்மாவும் மன்னிக்கணும்."

அம்மாவைக் கண்ணாடி முன் பழகவில்லை. அது தானாக வந்தது. அதனால்தான் அது உண்மை.

நான் உணர்ச்சிவசப்பட்டு விழுந்துவிட்டேன் என்று விருந்தாளிகள் நினைத்தது நல்லதாயிற்று. ஒருவர் படம்கூட எடுத்தார். நீங்கள் வரவழைத்த டாக்டர் மட்டும் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டார். சோம்புக் கஷாயமும் வெறும் சோறும்தான் நக்லே கையில் வருகின்றன. நீ வருவதில்லை.

இதைவிட நான் என்ன செய்யவேண்டும்? லியோனுக்கு என்ன எழுதப்போகிறாய்? சொல்லிவிடு. மலை தாண்டி வரும் பதிலுக்குக் காத்திருந்து பழகிவிட்டது. ஒரு மாடிப்படி தாண்டி வருவதற்குத்தான் பொறுமை இல்லை.

நஸ்ரி

—

ஸஹ்லே, கீழ்த்தளம்,
அதே நாள்

நஸ்ரி,

மாடிப்படிக்கும் மலைக்குக் கொடுக்கிற கூலியைத்தான் கேட்பேன் என்று நக்லே முரண்டு பிடிக்கிறான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மதாம் பெர்த்துக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். ஒரே பயணம், ஒரே வீட்டார். சித்தப்பா மகன் கொஞ்சம் முறைத்தான், அப்பாவின் அரக் இரண்டு கிளாஸில் சரியாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நக்லேயின் வேனில் உன்னோடு பத்ரூனுக்கு வருகிறேன். அந்த நீலச் சட்டையை வெளியே எடுத்துக் காற்றாடப் போடச் சொல்லி ஜமீலாவுக்குச் சொல்லியிருக்கிறேன். மடிக்க வேண்டாம்.

நாற்பது நாள் முடிந்தாலும் கதவை மூட மாட்டேன் என்று உம் ரஷீத் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவள் வீட்டுச் சாப்பாடு பயணத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு தடவை லோரிஸ், ஒரு தடவை அவள். நீ இரண்டு வீட்டிலும் வேனை விட்டு இறங்கக் கூடாது. அப்பாவின் முழங்கால் முழுக்கக் குணமாகிவிட்டதென்று ஊரில் நீயே சொல்லிவிடு. நான் வந்து இறங்கிய பிறகு அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரக்கூடாது. அப்பா உன்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார். அவர் ஒயினைத் துப்பாமல் விழுங்கின ஒரே வழிகாட்டி நீதான் என்கிறார்.

நீ எழுந்து நின்று சொன்னது காதில் நன்றாகவே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடியதைப் பார்த்து, அழுகிறேன் என்று விருந்தாளிகளில் ஒரு கிழவர் என் பின்னாலேயே கைக்குட்டையோடு வந்தார். பாவம், நல்ல மனிதர்.

இந்த இரண்டு நாளும் மேலே வராமல் இருந்ததற்கும் அதே காரணம்தான். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் அடக்க முடியாது. வயிறு ஆறட்டும், வருகிறேன். ஈஸ்டரில் நீ சொன்னது என் மனதை விட்டுச் சுத்தமாகப் போய்விட்டது. இனி யாருடைய கையை நீ எவ்வளவு புகழ்ந்தாலும் எனக்குக் கோபம் வராது. உன் நாக்கின் யோக்கியதை என்னவென்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் கஷாயத்தை நானே கொண்டுவருகிறேன்.

உன்
விதாத்

பி.கு. மழைக்கு முன் திராட்சை பறித்துவிட வேண்டும் என்று போன வாரம் முழுக்க நாங்கள் தோட்டத்திலேயே கிடந்தோம். வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தபூலே உட்பட அன்று மேசையில் இருந்த அத்தனையும் பெர்தவ்னி ஆற்றோரத்து ஓட்டலில் சொல்லி வாங்கியது.